இசைக்கலைஞரின் பெயரும் பிறந்த ஆண்டும்: அச்சேற்றும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சபா மலர் ஒன்றுக்காக, மறைந்த இசைக்கலைஞர்களைப் பற்றிய சிறு குறிப்புகளைத் தொகுக்கிறீர்கள். ஒரே பெயர் மூன்று நூல்களில் மூன்று விதமாக இருக்கிறது. பிறந்த ஆண்டு இரண்டு விதமாக வருகிறது. தலைப்பெழுத்துகளின் விரிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இணையத்தில் எது அதிகமாகக் காணப்படுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். ஒருவர் எழுதியதை நூறு பேர் எடுத்துப் போட்டிருந்தால் அது நூறு சாட்சி ஆகிவிடாது, ஒரே சாட்சிதான். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, அந்தக் கலைஞருக்கு மிக அருகில் இருந்தவர் யார், அவர் எப்போது எழுதினார் என்று கேட்பதே பயன் தரும். அதற்கும் முன்னால், கையில் இருக்கும் பெயர் யாருடையது என்பதையே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். அதில் புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தைப் பற்றிய குறிப்பின் அருகே, நடிகரும் பாடகருமான டி.ஆர். மகாலிங்கத்தின் படம் அச்சாகிவிட்டது. குறிப்பில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை, ஆனால் ஆளே மாறிவிட்டார். குழல் மாலி என்று ரசிகர்கள் அழைத்தவர் திருவிடைமருதூர் ராமசாமி மகாலிங்கம். 1926இல் பிறந்து 1986இல் மறைந்தவர். நடிகர், சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த ராமகிருஷ்ணன் மகாலிங்கம், 1978இல் மறைந்தவர். இருவரும் ஏறக்குறைய சம வயதினர், இருவரும் இசையால் பெயர் பெற்றவர்கள், தலைப்பெழுத்துகளும் ஒன்றே. இதே போன்ற இன்னொரு இணை இரண்டு மணி ஐயர்கள். பாடகர் மதுரை மணி ஐயரும் மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரும் 1912ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள், ஒரே மேடையில் அமர்ந்தவர்கள். பழைய விமர்சனம் ஒன்றில் ‘மணி ஐயர்’ என்று மட்டும் இருந்தால், அது பாடியவரைக் குறிக்கிறதா வாசித்தவரைக் குறிக்கிறதா என்று முன்பின் வரிகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். மேலும், இருவருக்கும் ‘மணி’ என்பது இயற்பெயர் அன்று. முன்னவரின் இயற்பெயர் சுப்பிரமணியம், பின்னவருடையது ராமசாமி.

அடுத்தது தலைப்பெழுத்துகள். முதல் எழுத்து ஊர், இரண்டாவது எழுத்து தகப்பனார் என்று நாமாகவே வைத்துக்கொள்வதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவருடைய தாயார் வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ தாயார் லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளின் ‘பி’ தாயார் பாலாம்பாள், ‘கே’ கொடுமுடி. இவற்றைப் பார்த்துப் பழகிய ஒருவர் டி.எம். சௌந்தரராஜனின் ‘எம்’ மீனாட்சி என்று கண்டதும் அதையும் தாயார் பெயர் என்றே எழுதிவிடுவார். ஆனால் அது தகப்பனார் மீனாட்சி ஐயங்காரின் பெயர். அவருடைய ‘டி’யும் ஊர் அன்று, ‘தொகுளுவ’ என்ற குடும்பப் பெயர். தெலுங்கு மரபில் வந்தவர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும். பி.பி. ஸ்ரீநிவாஸின் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ‘பிரதிவாதி பயங்கரம்’ என்ற ஒரே குடும்பப் பெயரைக் குறிக்கின்றன. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ‘ஸ்ரீபதி பண்டிதாராத்யுல’வும் அவ்வாறே. ஆகவே தலைப்பெழுத்தை விரிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியே ஆதாரம் வேண்டும். கிடைக்காவிட்டால் எழுத்தை எழுத்தாகவே விட்டுவிடுங்கள்.

நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரில் இந்தச் சிக்கல்கள் எல்லாமே ஒன்றுசேர்ந்து கிடக்கின்றன. 1898இல் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தகப்பனார் குப்புசாமி பிள்ளை. ஆனால் ‘என்’ என்ற எழுத்து அவரை வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளையைக் குறிக்கிறது. ‘டி’ அந்த மாமனின் ஊரான திருமருகல். ராஜரத்தினத்தைத் திருவாவடுதுறையோடு சேர்த்தே உலகம் அறிந்திருப்பதால், ‘டி’யைத் திருவாவடுதுறை என்று விரித்துவிடுபவர்கள் ஏராளம். பழைய ஆவணத்தில் தகப்பனார் குப்புசாமி என்று கண்டால் அது வேறு ஆள் என்று தள்ளிவிடவும் வேண்டாம், தலைப்பெழுத்தைத் திருத்தவும் வேண்டாம்.

ஊர்ப்பெயரில் உள்ள பொறி வேறு வகை. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ‘ஜி’ குறிக்கும் கூடலூர் மாயவரத்தை அடுத்தது. நீலகிரியிலும் தேனிப் பக்கத்திலும் உள்ள கூடலூர்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பாபநாசம் சிவனின் பாபநாசம் கும்பகோணத்துக்கு அருகில் உள்ளது. தாமிரபரணிக் கரைப் பாபநாசம் அன்று. அவர் பிறந்த ஊரும் அதுவன்று, போலகம். இயற்பெயர் ராமையா. பெயரோடு ஒட்டிய ஊர் பிறந்த ஊராக இருக்கலாம், வளர்ந்த ஊராகவோ குருவின் ஊராகவோ முன்னோர் ஊராகவோ கூட இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். ஊரின் பெயர் பிற்காலத்தில் மாறியிருந்தால் கலைஞரின் பெயரில் அதைப் புதுப்பிக்கக் கூடாது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘எம்’ மாயவரமாகவே இருக்கட்டும். குறிப்பின் உடலில் ‘இன்றைய மயிலாடுதுறை’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கூட்டுப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ஆலத்தூர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற ஸ்ரீநிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர்.

இனி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கும் எழுத்துவடிவத்துக்கு வருகிறேன். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி என்ற மூன்றும் பிழை அல்ல. கிரந்த எழுத்தை ஏற்பதும் விலக்குவதும் ஒரு பதிப்பின் கொள்கை. ஐயர், அய்யர் வேறுபாடும் அப்படித்தான். இந்த வகை வேறுபாடுகளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தீர்மானியுங்கள், ஆனால் மலர் முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ராஜரத்தினம், அடுத்த பக்கத்தில் இராசரத்தினம் என்று வந்தால் வாசகர் இரண்டு பேர் என்று எண்ணிவிடுவார். தேடும்போது மட்டும் எல்லா வடிவங்களையும் இட்டுத் தேட வேண்டும். சாதிப் பின்னொட்டு உள்ளதும் இல்லாததுமாகவும் தேட வேண்டும்.

உண்மையான பிழை என்பது வேறு. அருணம், அசலம் சேர்ந்து அருணாசலம் ஆகிறது. அருணாச்சலம் என்று எழுதும்போது இல்லாத ஒரு மெய் உள்ளே புகுந்துவிடுகிறது. சுந்தராம்பாளைச் சுந்தரம்பாள் என்றும், சீர்காழியைச் சீர்காளி என்றும் எழுதுவதும் பிழையே. ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இவை பெருகுகின்றன. ஆலத்தூர் அலத்தூராகவும், அரியக்குடி அரியகுடியாகவும் மாறுவது குறில் நெடிலையும் வல்லின மெய்யையும் ஆங்கில எழுத்து காட்டாததால்தான். மொழிபெயர்ப்பு மென்பொருள் தந்த பெயர்ப்பட்டியலை நான் ஒருபோதும் அப்படியே ஏற்பதில்லை.

ஆனால் திருத்தக் கூடாத ‘பிழை’களும் உண்டு. வயலின் கலைஞர் வைத்தியநாதனின் ஊர் இலக்கண வழக்கில் குன்றக்குடி. அவரோ குன்னக்குடி வைத்தியநாதன் என்றே மேடையேறினார், திரைப்படங்களிலும் இசைத்தட்டுகளிலும் அப்படியே வந்தார். அதைக் குன்றக்குடி என்று திருத்தினால் ஊர் சரியாகிவிடும், ஆளை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒரு கலைஞர் அருணாச்சலம் என்றே கையெழுத்திட்டிருந்தால், அதுவும் அவர் விருப்பம், அப்படியே விடுங்கள். குடும்பத்தாரிடம் பேசும்போது “எப்படி எழுத வேண்டும்?” என்று கேட்காமல், “அப்பா கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடிதமோ, கச்சேரிக்குப் பணம் பெற்ற ரசீதோ, திருமண அழைப்பிதழோ, வெளிநாடு சென்றிருந்தால் கடவுச்சீட்டோ வெளியே வரும்.

பழைய இசைத்தட்டின் முகப்பு வலுவான சான்று என்று பலர் நினைக்கிறார்கள். அது காலத்துக்கு நல்ல சான்று, எழுத்துவடிவத்துக்கு அப்படி இல்லை, ஏனெனில் அதை எழுதியவர் நிறுவனத்து எழுத்தர். 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்த இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தட்டுகள் அழுத்தப்பட்டது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே முகப்பு ஒட்டுபவர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. காதால் கேட்டு எழுதிய பெயர் எந்த அளவுக்குச் சரியாக இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அச்சுக்கும் கணினிக்கும் உரிய இரண்டு நுணுக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். இவற்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளின் ஐகாரம் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். பிள்ளை என்று முடியும் ஒவ்வொரு பெயரிலும் அந்த எழுத்து வருகிறது. வருடியெடுத்த பக்கத்தை மென்பொருள் எழுத்தாக மாற்றும்போது அதைத் தவறாகப் படிக்கக்கூடும். அதனால் பழைய நூலில் அந்தப் பெயர் இல்லவே இல்லை என்று தேடல் சொன்னால் நம்பாமல், பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது, ஔகாரம். சௌந்தரராஜன், செளந்தரராஜன் என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி ஒரே குறியாக இருக்கிறது; இரண்டாவதில் ‘செ’ தட்டி ‘ள’ தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள். அகரவரிசைப்படுத்தினால் ஒருவர் இரண்டு இடத்தில் வருவார். சவுந்தரராஜன், சௌந்திரராஜன் என்ற வழக்குகளையும் சேர்த்தால் ஒரே பாடகருக்கு நான்கு பதிவுகள். ‘ஸ்ரீ’ என்பதற்கும் கணினியில் இரண்டு விதக் குறியீடு இருப்பதால் ஸ்ரீநிவாசர்கள் எல்லோருக்கும் இதே கதிதான்.

பிறந்த தேதிக்கு வருவோம். பிறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைக் கலைஞர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. ஜாதகம் கிடைக்கும், பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட காலம் அது. ஆகவே பள்ளியில் சேர்க்கும் காலத்தை ஒட்டிய மே, ஜூன் மாதத் தேதியாக இருந்து, வேறு ஆதாரமும் இல்லாவிட்டால் சற்று நிதானியுங்கள். பிற்காலத்து அரசு ஆவணங்கள் எல்லாம் அந்தப் பள்ளித் தேதியிலிருந்தே வந்திருக்கும் என்பதால், கடவுச்சீட்டும் ஓய்வூதிய ஆவணமும் ஒத்துப்போவதைப் புதிய சான்றாகக் கொள்ள முடியாது.

ஜாதகம் இதைவிட நம்பத்தக்கது, ஆனால் அதை ஆங்கில ஆண்டுக்கு மாற்றும் இடத்தில்தான் ஓராண்டு வழுக்கல் நேர்கிறது. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை ஓடுகிறது. ஜி.என். பாலசுப்பிரமணியம் பிறந்தது 1910 ஜனவரி 6, அதாவது சௌமிய வருடம் மார்கழி. சௌமிய வருடம் என்றால் 1909 என்று பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள்பவர் அவரை ஓராண்டு முன்னதாகப் பிறக்க வைத்துவிடுவார். தியாகராஜர் மறைந்தது பராபவ வருடம், புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி. 1846 ஏப்ரலில் தொடங்கிய வருடம் அது. நாளோ 1847 ஜனவரி 6. திருவையாற்றில் ஆராதனை இன்றும் அந்தத் திதியில்தான் நடக்கிறது, ஆகவே ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். ஒரு கலைஞரின் நினைவு நாள் பழைய நாளிதழ்களில் வெவ்வேறு தேதிகளில் இருந்தால், குடும்பத்தார் திதி பார்த்துச் செய்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பொதுவாக மார்கழிப் பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிய விழும் எந்தத் தேதியையும் இரண்டாம் முறை கணக்கிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கிழமை தெரிந்தால் இன்னும் எளிது. 1910 ஜனவரி 6 வியாழக்கிழமை, 1909 ஜனவரி 6 புதன்கிழமை. ஜாதகத்தில் உள்ள கிழமையே எந்த ஆண்டு என்று தீர்த்துவைத்துவிடும். நட்சத்திரமும் உதவும், ஆனால் ஒரே தமிழ் மாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நட்சத்திரம் இருமுறை வரக்கூடும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தேதியை முடிவுசெய்ய வேண்டாம்.

வீட்டில் தேடும்போது அறுபதாம் கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதைப் பொன்போலப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து பிறந்த அதே பெயருள்ள வருடம் திரும்பும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் நடப்பது சஷ்டியப்தபூர்த்தி. பத்திரிகையின் தேதியிலிருந்து அறுபதைக் கழித்தால் பிறந்த ஆண்டு வந்துவிடும். ஆனால் பத்திரிகையில் உக்ரரத சாந்தி என்றிருந்தால் ஐம்பத்தொன்பதைத்தான் கழிக்க வேண்டும். அது அறுபதாம் வயது தொடங்கும்போது செய்வது. ‘வயது அறுபது’ என்று பழைய கட்டுரைகள் சொல்வதும் பெரும்பாலும் நடக்கிற வயதையே குறிக்கிறது, நிறைந்த வயதை அன்று. ஓராண்டு வேறுபாட்டுக்குப் பாதிக் காரணம் இதுவே.

கொண்டாடும் நாளும் பிறந்த நாளும் வேறாக இருப்பதும் உண்டு. இளையராஜா பிறந்தது ஜூன் 3. கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாளும் அதுவாக இருப்பதால், தம் பிறந்த நாளை ஜூன் 2ஆம் நாளே கொண்டாடி வருகிறார். இரண்டு தேதிகளும் அச்சில் இருக்கும், இரண்டுக்கும் காரணம் இருக்கும்.

விருதுகளில் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை போதும். சங்கீத கலாநிதி சென்னை மியூசிக் அகாடமியின் பட்டம். சங்கீத நாடக அகாதெமி விருது தில்லியிலிருந்து வருவது. இசைப்பேரறிஞர் தமிழ் இசைச் சங்கத்தினுடையது. கலைமாமணி தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தினுடையது. முதல் இரண்டையும் ‘அகாதெமி விருது’ என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். சங்கீத கலாநிதிக்குத் தெரிவானவர் டிசம்பர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்பார், பட்டமோ ஜனவரி 1ஆம் நாள் சதஸ் என்னும் பட்டமளிப்பு விழாவில் வழங்கப்படும். ஒருவருக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் காணப்பட்டால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். மலரில் மாநாட்டு ஆண்டையே எல்லோருக்கும் பின்பற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராதவை சில இருக்கும். அங்கே ஒன்றைத் தேர்ந்து துணிந்து அச்சிடுவதைவிட, ‘1909 அல்லது 1910’ என்று வெளிப்படையாகப் போடுவது அந்தக் கலைஞருக்கு நாம் செய்யும் மரியாதை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் வைத்து, எந்த விவரத்தை யார் சொன்னார், எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள், எந்த நாளில் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மலரைத் தொகுப்பவர் அதிலிருந்து தொடங்கலாம்.

கடைசி மெய்ப்பை இருவராக உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் தாளில் உள்ளதை எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றவர் அச்சுப் படியில் விரல் வைத்துக்கொண்டே வரட்டும். பெயரைப் பழக்கத்தால் கண் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதால், பெயர்களை மட்டும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒருமுறை பாருங்கள். பிறகு படங்களைத் தனியே எடுத்து, கட்டுரையைப் பார்க்காமல், ஒவ்வொரு படத்தில் இருப்பவர் யார் என்று அவரை நேரில் பார்த்த ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு மகாலிங்கங்கள் இடம் மாறிய அன்று நான் செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.